நட்டஈட்டு அலுவலகம்: ஒரு நட்சத்திரம் (அதுவும் வாட்ச்சருக்காக)

தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் (தொழிற்சாலையில்) கொழுந்து அரைக்கும் ரோலர் அப்பாவின் வலது கை விரல்களை நசுக்கிவிட்டது. 1934ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டப்படி கோரிக்கையை உடனே கொடுத்தோம். அலுவலகத்துக்குத்தான் அவசரமே இல்லை. போய்க் கேட்டால், "ஃபைல் கொழும்புல இருக்கு." கடிதம் வந்தால் முழுக்கச் சிங்களம். தமிழும் அரசகரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் சேர்த்தார்கள், சரி, இந்தக் கவுண்டருக்கு யார் சொல்வது? போகிற நாளெல்லாம் எனக்கு ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போச்சு, பஸ் காசு வேறு. வாட்ச்சர் ஐயா மட்டும் அப்பாவை உட்காரச் சொல்லி நாற்காலி போடுவார்.

போகிறவர்கள் அட்டன் டவுனில் ஏதாவது ஒரு டைப் கடையில் கடிதத்தை வாசிக்கவைத்துவிட்டுப் போங்கள். பதிலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தபால் ரசீதுத் துண்டைத் தொலைக்காதீர்கள். முடிவு இன்னும் வரவில்லை.