பதினாலு கிலோவிலிருந்து ஆறரைக் கிலோவுக்கு: என் மலைநடைப் பையின் எட்டு வருடக் கணக்கு

எங்கள் தெரு முக்கில் இருக்கும் பலசரக்குக் கடைத் தராசில்தான் என் பையை முதன்முதலாக எடை போட்டேன். 2017 ஜனவரி. மறுநாள் அதிகாலை பொதிகை உச்சியான அகத்தியர்கூடத்துக்குக் கிளம்ப வேண்டும். அரிசி மூடை வைக்கும் மேடையில் பையைத் தூக்கி வைத்தேன். 14 கிலோ 200 கிராம் காட்டியது. அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "என்னடே, அரைச் சிப்பத்துக்கு மேல இருக்கே. மூணு நாளும் இதைச் சொமந்துக்கிட்டா நடக்கப் போற?" என்றார். "எல்லாம் வேண்டிய சாமான்தான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்போது நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன். என் எடை 62 கிலோ. முதுகுச் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று மலையேறுபவர்கள் சொல்லும் கணக்கே எனக்குத் தெரியாது.

அம்பாசமுத்திரத்தில் பிறந்தவனுக்குப் பொதிகை தினமும் கண்ணில் படுகிற மலை. ஆனால் அதன் 1868 மீட்டர் உச்சிக்குப் போக, காரையாறு வழியாக நம் பக்கம் இருந்த பழைய பாதை இப்போது பொதுமக்களுக்கு இல்லை. திருவனந்தபுரம் சுற்றி, விதுரை தாண்டி, பொனக்காட்டில் இருந்து கேரள வனத்துறை அனுமதியோடுதான் ஏற வேண்டும். முதல் நாள் அதிருமலை முகாம், இரண்டாம் நாள் உச்சி, மூன்றாம் நாள் இறக்கம்.

அந்த முதல் பயணத்தில் அட்டையாறு வரைக்கும் சமாளித்தேன். அதற்கு மேல் புல்மேட்டு வெயில். அப்புறம் முட்டிடிச்சான் ஏற்றம். முட்டி நெஞ்சில் இடிக்கிற அளவு செங்குத்து என்பதால் அந்தப் பெயர். பத்து அடிக்கு ஒரு தரம் நின்றேன். இரண்டு தோள்பட்டையிலும் பட்டை அழுத்தித் தோல் உரிந்திருந்தது. ஆனாலும் ஏற்றத்தைவிட மூன்றாம் நாள் இறக்கம்தான் என்னை உடைத்தது. ஒவ்வொரு படிக்கும் அந்தப் பதினாலு கிலோவும் சேர்ந்து வலது முட்டியில் இறங்கியது. ஊருக்கு வந்து இரண்டு வாரம் மாடிப்படி ஏற முடியவில்லை.

வீட்டில் பையைக் கொட்டிப் பார்த்தேன். தொடாமலே திரும்பி வந்தவை ஒரு பக்கம், ஒரு முறையாவது பயன்பட்டவை இன்னொரு பக்கம். மூன்று சட்டை, ஒரு ஜீன்ஸ், இரண்டாவது டார்ச், அரைக் கிலோ பேரீச்சம்பழம், ஷாம்பூ பாட்டில், ஒரு புத்தகம், குடை. தொடாத பக்கம் மட்டும் நாலு கிலோவை நெருங்கியது. அன்றைக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டேன். பொருள், கிராம், பயன்பட்டதா என்று மூன்றே கட்டம். எட்டு வருடமாக ஒவ்வொரு நடைக்குப் பிறகும் அதை நிரப்புகிறேன். எடை குறைக்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, புதுச் சாமான் வாங்காதீர்கள், 400 ரூபாய்க்கு ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள் என்பதைத்தான். இன்றைக்கும் என் சாமான்களில் அதிகம் உழைத்தது அந்தத் தராசுதான்.

இதில் எனக்குத் தெளிவு வந்தது என் மாமாவோடு எருமேலிப் பெருவழியில் நடந்தபோது. அவர் முப்பது வருடத்துக்கு மேலாகச் சபரிமலை போகிறவர். இருமுடியில் முன்முடி சாமிக்கு, பின்முடி நமக்கு. "பின்முடி சாப்பிடச் சாப்பிடக் குறையும் மாப்ளே, முன்முடி சன்னிதானம் வரைக்கும் அப்படியே இருக்கும்" என்றார் கரிமலை ஏற்றத்தில். பேஸ் வெயிட் என்று மலையேறுபவர்கள் சொல்வதும் இதைத்தான். சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் தவிர்த்த மீதி எடை. முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை கூடவே வருகிற எடை. சோற்றைக் குறைத்து எடை குறைக்கப் பார்ப்பவர்கள் பின்முடியில் கை வைக்கிறார்கள். குறைக்க வேண்டியது முன்முடி.

அந்த முன்முடியில் பெரியவை மூன்று: பை, போர்த்துவது, விரிப்பது. 2017-ல் இவை மூன்றும் மட்டும் 5.3 கிலோ. 65 லிட்டர் பையே 2.3 கிலோ, அதன் மழை உறை முதல் மழையிலேயே ஒழுகியது. பெரிய பை இருந்தால் கை சும்மா இருக்காது, இடம் காலியாக இருக்கிறதே என்று எதையாவது திணிக்கும். இப்போது இருப்பது 38 லிட்டர், 900 கிராம். இடுப்புப் பட்டை மட்டும் நல்லதாகப் பார்த்து வாங்கினேன். பாரம் தோளில் தொங்காமல் இடுப்பு எலும்பில் உட்கார வேண்டும். கனமான சாமான் முதுகுத் தண்டை ஒட்டி, நடுவில். இந்த இரண்டும் சரியாக இருந்தால் அதே எடை பாதி மாதிரித் தெரியும்.

விரிப்பு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எனக்கு மனவருத்தமே உண்டு. பத்தமடை எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரம். கோரைப்பாயில் படுத்து வளர்ந்த உடம்பு. அதனால் முதல் முறை வீட்டுப் பாயையே சுருட்டிக் கட்டிக்கொண்டு போனேன், 1.1 கிலோ. அதிருமலையில் ராத்திரி குளிர் தரையிலிருந்து அப்படியே முதுகில் ஏறியது. யோசித்தால் காரணம் புரிகிறது. நம் சித்திரை வெயிலுக்குக் கோரைப்பாய் சுகமாக இருப்பதே அது உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்காததால்தான். எந்தக் குணத்துக்காக அதைக் கொண்டாடுகிறோமோ அந்தக் குணம் மலைக்குளிரில் எதிராக நிற்கிறது. இப்போது பேக்கிங் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட். அதிலுள்ள காற்றுக் குமிழிகள் மூடியவை. சூடு வெளியே போகாது, தண்ணீரும் ஏறாது. தோளிலிருந்து முட்டி வரைக்கும் அளவெடுத்துக் கத்தரியால் வெட்டினேன்: 170 கிராம். காலுக்கு அடியில் காலிப் பையை வைத்துக்கொள்வேன். பகலில் அதே ஷீட் மடிந்து பைக்குள் முதுகுப்பக்கம் மெத்தையாக நிற்கும். ஐந்து வருடமாக ஒரே துண்டு. ஓரம் பிய்ந்திருக்கிறது, வேறு குறையில்லை.

1.9 கிலோ ஸ்லீப்பிங் பேக் போய் 650 கிராமில் ஒரு செயற்கைப் பஞ்சுப் போர்வை வந்தது. அதிருமலையில் கூரையடியில் படுக்கிறோம், கூடாரம் தேவையில்லை. ஆக மூன்றும் சேர்ந்து 1.7 கிலோ. நோட்டில் பதினைந்து பக்கம் எழுதிக் குறைத்ததைவிட இந்த மூன்று பொருளில் குறைந்ததுதான் அதிகம். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பை வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஐந்து கிராம் மிஞ்சினால் பெரிது.

அடுத்தது தண்ணீர். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, இதில் பேரம் கிடையாது. முதல் வருடம் இரண்டு லிட்டரை நிரப்பிக்கொண்டு கரமனையாற்றைத் தாண்டினேன். காலடியில் ஆறு ஓடுகிறது, முதுகில் இரண்டு கிலோ தண்ணீர். இப்போது பொனக்காட்டிலிருந்து அரை லிட்டர், முக்கால் லிட்டர்தான். ஆற்றுக்கு ஆறு வயிறு நிறையக் குடித்துவிட்டு, அட்டையாற்றில் மட்டும் இரண்டு பாட்டிலையும் முழுக்க நிரப்புவேன். அதற்கு மேல்தான் நிழலில்லாத புல்மேடும் ஏற்றமும். குளோரின் மாத்திரை போட்டால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதனால் ஒன்று குடிக்க, ஒன்று ஊற. காட்டுக்குள் பிளாஸ்டிக்குக்கு இடமில்லை. முன்பு கொண்டுபோன இரட்டைச் சுவர் ஃபிளாஸ்க் காலியாகவே 480 கிராம். இப்போதைய ஒற்றைச் சுவர் எவர்சில்வர் பாட்டில் ஒன்று 150 கிராம். அட்டையாறு என்ற பெயரிலேயே அட்டை இருக்கிறது, ஈரமான நாளில் சும்மா விடாது. துணிமுடிச்சில் கொஞ்சம் கல்லுப்பு இருந்தால் போதும்.

சாப்பாட்டில் நம் பாட்டிமார் எல்லாவற்றையும் யோசித்து வைத்துவிட்டார்கள். பொருவிளங்காய் உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை எல்லாம் வறுத்துத் திரித்து, சுக்கும் ஏலமும் சேர்த்து, கெட்டிப் பாகில் பிடிப்பது. ஈரமே இல்லை, அதனால் கெடாது. கையில் கல் மாதிரி இருக்கும், வாயில் அடக்கிக்கொண்டால் அரை மணி நேர ஏற்றத்துக்குத் துணை. இட்லியில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். முதல் வருடம் பன்னிரண்டு இட்லி கட்டிக்கொண்டு போனேன், 600 கிராம். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டிய இட்லியை விட எனக்கு மனசில்லை, அதனால் இப்போதும் ஐந்து உண்டு, முதல் நாள் மதியத்துக்கு மட்டும். மீதி நேரத்துக்கு அவல், வறுத்த நிலக்கடலை, கருப்பட்டி. அவலுக்கு அடுப்பு வேண்டாம், தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் வைத்தால் சரி. நாளுக்கு 500 கிராம் கணக்கு. முகாமில் கஞ்சி கிடைக்கும். அதையும் சேர்த்தால் பசித்ததே இல்லை.

துணியில் முதலில் ஜீன்ஸை விட்டேன். 750 கிராம், நனைந்தால் இன்னும் கூடும், தொடையை அறுக்கும், காய இரண்டு நாள் ஆகும். துண்டு விஷயத்தில் ஒரு சுற்று சுற்றி வந்தேன். டர்க்கி டவல் 480 கிராம். பிறகு மைக்ரோஃபைபர் வாங்கினேன், உடம்பில் ஒட்டுகிறது, இரண்டாம் நாளே வாடை. கடைசியில் நம் ஈரிழைத் துண்டு, 130 கிராம். பை மேல் விரித்துப் போட்டு நடந்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், வெயிலுக்குத் தலையிலும் கட்டலாம். ராத்திரி உடுத்த மெல்லிய சாரம். காலணி 620 கிராம் ஜோடி. காலில் ஏறும் எடை முதுகில் ஏறுவதைவிடப் பல மடங்கு களைக்க வைக்கும், அதனால் கனமான தோல் பூட்ஸுக்கு நான் திரும்பப் போவதில்லை.

குறைப்பதில் ஒரு முறை எல்லை தாண்டினேன். 2019-ல் ஆறு கிலோவுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்ற பிடிவாதத்தில் கம்பளிச் சட்டையையும் மாற்று உடையையும் விட்டுவிட்டுப் போனேன். இரண்டாம் நாள் உச்சியிலிருந்து இறங்கும்போது மழை. ஈரச் சட்டையோடு முகாமுக்கு வந்து பல் கிடுகிடுத்தது. பக்கத்தில் படுத்திருந்த ஒரு பெரியவர் தன் போர்வையில் பாதியைக் கொடுத்தார். நான் மிச்சம் பிடித்த எடையை அன்று ராத்திரி அவர் சுமந்தார் என்பதுதான் உண்மை. அதிலிருந்து உலர்ந்த ஒரு செட் துணி, டார்ச், மருந்துப் பொட்டலம் மூன்றையும் தராசில் வைப்பதே இல்லை. 2022 டிசம்பரில் இமயமலைப் பக்கம், உத்தராகண்டின் கேதார்கந்தாவில் பனியில் நடந்தபோது பை ஒன்பது கிலோ இருந்தது. அங்கே அது சரியான எடை. பொதிகைக்குப் போட்ட பட்டியலைப் பனிக்கு எடுத்துப்போவது ஆபத்து.

இன்றைய கணக்கு: பேஸ் வெயிட் 4.3, மூன்று நாள் சாப்பாடு 1.5, தண்ணீர் முக்காலுக்குக் கொஞ்சம் கீழே. மொத்தம் ஆறரைக் கிலோ. போன முறை முட்டிடிச்சானில் இரண்டே இடத்தில் நின்றேன். ஒரு இடத்தில் மரத்தின் மேல் சிங்கவால் குரங்கு, அதைப் பார்ப்பதற்காக. முட்டி இப்போது வலிப்பதில்லை.

தீராமல் இருப்பது மழைக்கோட்டு ஒன்றுதான். 380 கிராம் கோட்டுக்குள் ஏற்றத்தில் வியர்த்து, மழையில் நனைவதைப் போலவே நனைந்துவிடுகிறேன். வரும் ஜனவரிக்குப் பையையும் சேர்த்து மூடுகிற போஞ்சோ ஒன்றை மெல்லிய நைலானில் தைக்கக் கொடுத்திருக்கிறேன். தையல்காரர் துணியை மட்டும் எடை போட்டுக் காட்டினார், 240 கிராம். நோட்டில் எழுதி, மூன்றாம் கட்டத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.