மூன்று கிதார், ஒரு எடி, நாங்கள் நாலு பேர்

கல்லூரி நாளிலிருந்தே நான் அயர்ன் மெய்டன் என்கிற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் பைத்தியம். இந்த முறை மனைவி, மகள், மகன் என்று குடும்பத்தோடு போய்ப் பார்த்தேன். 1975-இல் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய குழு. அவருடைய பேஸ் கிதார் இன்றும் நெஞ்செலும்பில் வந்து உதைக்கிறது. கிதார் வாசிக்கும் ஏட்ரியன் ஸ்மித், டேவ் மரே, யானிக் கெர்ஸ் மூவரும் ஒரே மெட்டில் சேர்ந்துகொண்டபோது, அதுவரை "ஒரே இரைச்சல்" என்று முணுமுணுத்த மனைவியின் கால் தாளம் போட்டது. நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

குழுவின் அடையாளச் சின்னமான எடி என்கிற அந்த ராட்சத உருவம் மேடைக்கு வந்ததும் மகள் என் சட்டையை இறுக்கிப் பிடித்தாள். அப்புறம் தோளில் ஏறிக் கையாட்டினாள்.

குறை என்றால் அரங்கத்துக் கழிப்பறை வரிசைதான். இரண்டு பாட்டு போச்சு.

பிள்ளைகளைக் கூட்டிப்போனால் காதுக் கவசம் கட்டாயம், பஞ்செல்லாம் போதாது. கச்சேரிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்ன உச்ச வரம்பே சராசரி 100 டெசிபல். மகன் கவசத்தோடு அப்படியே தூங்கிவிட்டான். அவனைத் தூக்கிக்கொண்டுதான் கடைசிப் பாட்டுக்கு ஆடினேன்.