கசிவு பம்பைச் சோதிக்க வாங்கிய மல்டிமீட்டர்: ஒரு மதிப்பீடு

பெட்ரோல் டாங்கிலிருந்து எழும் ஆவி எங்கேனும் கசிகிறதா என்று கண்காணிக்கும் பம்பின் மீது, காரின் கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனர் குற்றம் சாட்டினால், பலரும் உடனே புதிய பம்புக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். நான் அதற்கு முன்பு, மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கினேன். ஒரே உடலில் வெவ்வேறு பெயர்களை ஒட்டி விற்கப்படும், அளவு வரம்பைத் தானே தேர்ந்துகொள்ளும் ஆட்டோ ரேஞ்ச் வகை அது. 6000 கவுண்ட் (ஏறத்தாழ 6000 படிகள் வரை எண் காட்டும்) திரையும், சுற்று தொடர்பில் இருந்தால் பீப் ஒலிக்கும் கண்டினியூட்டி சோதனையும், 10 ஆம்பியர் வரை மின்னோட்டம் அளக்கும் வசதியும் அதில் உண்டு. பிறகு வேறு வேலைகளுக்கும் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன் என்றாலும், அதன் நிறையும் குறையும் ஒருசேர வெளிப்பட்டது இந்த ஒரு சோதனையில்தான்.

என் காரில் இருப்பது இன்ஜினின் வேக்குவத்தால், அதாவது அதன் உறிஞ்சு விசையால், இயங்கும் பம்பு. சாலினாய்டு என்ற மின்காந்த வால்வுக்கு மின்சாரம் கிடைத்ததும் வேக்குவம் உள்ளே புகுந்து, டயாப்ரம் என்ற நெகிழும் சவ்வை மேலே இழுக்கிறது. மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளி, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கார்பன் கேனிஸ்டர் வழியாக டாங்குக்குள் காற்றைச் செலுத்துகிறது. டயாப்ரம் எங்கே நிற்கிறது என்பதை காந்தத்தால் இயங்கும் ஒரு ரீட் சுவிட்ச், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆகவே மின்வழியில் சோதிக்க வேண்டியவை சாலினாய்டின் காயில் (செம்புக் கம்பிச் சுருள்), ரீட் சுவிட்ச், கனெக்டருக்கு வரும் ஒயர்கள் ஆகிய மூன்றுதான். கிரைஸ்லர் கார்களில் பி1495 என்ற கோளாறு எண் சாலினாய்டு சுற்றையும், பி1494 சுவிட்சையோ இயந்திரப் பகுதியையோ குறிக்கும். முதல் எண்ணைப் படித்துவிட்டுப் பம்பே பழுது என்று முடிவுகட்டுவது அவசரம், ஏனென்றால் சுற்று என்பதில் ஒயரும் அடக்கம்.

காயிலின் மின்தடையை அளப்பதில் மீட்டர் குறை வைக்கவில்லை. எண் தடுமாறாமல் உடனே நிலைத்தது. ஆனால் ஓடி நின்ற காரில் சூடாக இருக்கும் பம்பை அளந்துவிட்டு, பணிமனைக் கையேட்டில் உள்ள அளவோடு ஒத்துப்போகவில்லை என்று பதற வேண்டாம். செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும் என்பதால், 25 டிகிரி வேறுபாடே பத்து சதவீத மாற்றத்தைக் காட்டிவிடும்.

இந்த மீட்டரை நான் மெச்சிக்கொண்டது ரீட் சுவிட்சைச் சோதித்தபோது. பம்பைக் கழற்றி, பெட்ரோல் ஆவியின் அருகே தீப்பொறி எழாதபடி காரை விட்டு விலகிய மேசையில் வைத்து, வேக்குவம் குழாயில் காற்றை உறிஞ்சும் கைப்பம்பை இணைத்து, சுவிட்சின் இரு டெர்மினல்களில் ப்ரோப்களை (மீட்டரின் அளவுக் கம்பிகளை) பொருத்தியதும் பீப் ஒலி தொடர்ந்து கேட்டது. ஓய்வு நிலையில் சுவிட்ச் மூடியிருக்கும் என்பதால் அது சரியே. காயிலுக்கு 12 வோல்ட் கொடுத்ததும் 'டக்' என்ற ஓசையோடு டயாப்ரம் எழும்பி, பீப் அறுந்தது. மின்சாரத்தை எடுத்துவிட்டு, காற்று வெளியேறும் வாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பிடித்தபோது மௌனம் நீடித்தது. விரலை எடுத்ததும் டயாப்ரம் இறங்கி, பீப் திரும்பியது. கசிவில்லாத டாங்கு பம்புக்கு எப்படித் தெரியும் என்பதை அந்தக் கட்டைவிரல் நடித்துக் காட்டியது. பம்பு அடிக்கும் வேகம் தணிந்து நின்றுவிட்டால் டாங்கு இறுக்கமாக இருக்கிறது என்றும், ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தால் எங்கோ ஓட்டை என்றும் இசியூ கணக்கிடுவது இதே சுவிட்சின் இடைவெளிகளைக் கொண்டுதான். பீப் தாமதமாக எழும் மலிவு மீட்டர்களில் இந்த நுட்பம் காதுக்கு எட்டாது.

பம்பு நலமாக இருக்கிறது என்றால் கோளாறு எங்கே? கனெக்டரில் வரும் சப்ளை ஒயரை அளந்தேன், 12.4 வோல்ட் காட்டியது. அதை நம்பி அரை நாளை வீணடித்தேன். மீட்டரின் உள்மின்தடை 10 மெகாஓம், அதாவது ஒரு கோடி ஓம். அது ஒயரிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ ஒரு மைக்ரோ ஆம்பியர் மட்டுமே. வழியில் 1000 ஓம் தடை இருந்தாலும் திரையில் முழு மின்னழுத்தமே தெரியும். ஆனால் காயிலை இயக்க அந்த ஒயரால் முடியாது. ஒரு 5 வாட் பல்பை அதே இடத்தில் இணைத்துப் பார்த்தேன், மினுக்கம்கூட இல்லை. இணைத்தபடியே மீண்டும் அளந்தபோது ஒரு வோல்ட்கூடத் தேறவில்லை. ஒயரின் உறையைப் பிரித்தால், செம்பு இழைகள் அத்தனையும் அறுந்து, பச்சைக் களிம்பின் வழியாக மட்டும் தொடர்பு ஒட்டிக்கொண்டிருந்தது. உயர்ந்த உள்மின்தடை பொதுவாக நல்ல பண்பே. இசியூவின் நுண்ணிய சுற்றுகளை அது பாதுகாக்கிறது. ஆனால் சில மீட்டர்களில் இருக்கும் குறைந்த உள்மின்தடை அமைப்பு இதில் இல்லை என்பதும், உடன் வந்த கையேடு இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதும் குறைதான்.

ப்ரோப்களின் முனை மீது எனக்குக் கோபமே உண்டு. அந்தத் தடிமனைக் கனெக்டரின் பெண் டெர்மினலுக்குள் (துளையுள்ள முனைக்குள்) திணித்தால் அது விரிந்து, இல்லாத கோளாறொன்றை நாமே உண்டாக்கிவிடுவோம். மெல்லிய ஊசி முனைகளைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஆம்பியர் துளையில் ஒயரை வைத்துவிட்டு மறதியாக பேட்டரியின் வோல்ட்டை அளந்தால் உள்ளே இருக்கும் பியூஸ் போய்விடும். எச்சரிக்கும் ஒலி எதுவும் இதில் இல்லை. என் பியூஸ் ஒன்று அப்படித்தான் போயிற்று.

வேக்குவ வகைப் பம்பு உள்ள காரை வைத்திருப்பவர்கள், ஒரு 12 வோல்ட் பல்பையும் சேர்த்துக்கொள்வதாக இருந்தால், இதைத் தயங்காமல் வாங்கலாம். பிஎம்டபிள்யூ கார்களில் உள்ளதைப் போல மின்மோட்டாரால் இயங்கும் பம்புக்கு இது போதாது. அங்கே 0.5 மில்லிமீட்டர் அளவுத் துளை வழியாகக் காற்றைத் தள்ளும்போது மோட்டார் எடுக்கும் மின்னோட்டத்தை முதலில் குறித்துக்கொண்டு, பிறகு டாங்குப் பக்கம் திருப்பியதும் அது எப்படி ஏறுகிறது என்பதை இசியூ ஒப்பிடுகிறது. மில்லிஆம்பியர் கணக்கில் நகரும் அந்த ஏற்றத்தைத் தாவித்தாவி மாறும் எண்களில் பின்தொடர்வது கண்ணுக்கு வதை. அதற்கு வளைகோடாக வரைந்து காட்டும் கருவி வேண்டும்.