தொடைக்கு வாங்கி, இடுப்புக்குத் தைத்துக்கொண்ட ஜீன்ஸ்

2019இலிருந்து இன்றுவரை நான்கு ஜீன்ஸ் வாங்கியிருக்கிறேன். முதலாவது தொடையில் கிழிந்து, இப்போது காய்கறிப் பையாக இருக்கிறது. இரண்டாவது தளர்ந்துபோய் பீரோவின் அடித்தட்டில் கிடக்கிறது. மூன்றாவதையும் நான்காவதையும்தான் வாரத்தில் நாலு நாள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, மதுரைக்குள் வண்டி ஓட்டி ஆபீஸ் போய் வருகிறேன். முதல் இரண்டும் ஏன் வீணாயின, அடுத்த இரண்டும் ஏன் இன்னும் உழைக்கின்றன என்பதை எழுதி வைத்தால் யாருக்காவது பணம் மிச்சமாகும் என்று தோன்றியது.

என் அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உயரம் 5 அடி 1 அங்குலம். இடுப்பு 29, சீட் 40. சீட் என்பது தையல்காரர்கள் சொல்லும் வார்த்தை, பின்பக்கம் அதிக அகலமாக இருக்கும் இடத்தைச் சுற்றி எடுக்கும் அளவு. இடுப்புக்கும் சீட்டுக்கும் 11 அங்குலம் வித்தியாசம். இதே உடல்வாகு என் அம்மாவுக்கு உண்டு, அக்காவுக்கு உண்டு, எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு உண்டு. புடவைக்கும் சுடிதாருக்கும் இது ஒரு விஷயமே கிடையாது. ஜீன்ஸ் போடும்போது மட்டும் பெரிய குறைபோல ஆகிவிடுகிறது.

முதல் ஜீன்ஸை இடுப்புக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கினேன். டிரையல் ரூமில் நின்றபடி பட்டன் போட்டேன், கண்ணாடியில் பார்த்தேன், இரண்டு நிமிடத்தில் முடிந்தது. கால்களை ஒட்டிப்பிடிக்கும் மாடல், மெல்லிய துணி. தொடையில் இறுக்கமாகத்தான் இருந்தது. ‘போடப் போட இளகிவிடும்’ என்று கடைப் பெண் சொன்னதை நம்பினேன். 14 மாதத்தில் உள்தொடை இரண்டு பக்கமும் நூல் நூலாகப் பிரிந்து, ஒருநாள் வண்டியிலிருந்து இறங்கும்போது கிழிந்தது. துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அந்தக் கிழிந்த ஜீன்ஸோடுதான் விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் ஆல்டரேஷன் கடைக்கு முதல்முறையாகப் போனேன். கடையில் இருந்த தையல்கார அண்ணன் அதை வாங்கி உள்பக்கம் புரட்டிப் பார்த்தார். தொடைத் தையல் ஓரம் முழுக்க இழுபட்டு, ஊசி போன துளையெல்லாம் வாய் பிளந்திருந்தது. “இடுப்புக்கு வாங்காதீங்கம்மா, தொடைக்கு வாங்குங்க. இடுப்ப நான் பாத்துக்கிறேன்” என்றார். ஜீன்ஸ் பற்றி இதுவரை எனக்குக் கிடைத்ததிலேயே உருப்படியான யோசனை இதுதான்.

ஆனாலும் உடனே அதைக் கேட்கவில்லை. 2021இல் குழந்தை பிறந்த பிறகு இரண்டாவது ஜீன்ஸ் வாங்கினேன். சிசேரியன் ஆகி எட்டு மாதம். நன்றாக நீளும் துணியாக இருந்தால் வசதி என்று நினைத்து, எலாஸ்டேன் அதிகமாகக் கலந்த ஒன்றை எடுத்தேன். எலாஸ்டேன்தான் லைக்ரா, ஸ்பான்டெக்ஸ் என்று பல பெயரில் லேபிளில் வரும். போட்ட புதிதில் சுகமாக இருந்தது. இரண்டு குறைகள் போகப் போகத்தான் தெரிந்தன. ஒன்று, அதன் இடுப்புப் பட்டி தொப்புளுக்குக் கீழே, சரியாகத் தையல் தழும்பின் மேல் உட்கார்ந்தது. ஆபீஸில் எட்டு மணிநேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் அந்த இடம் சிவந்து எரியும். இன்னொன்று, துவைத்து மொட்டை மாடியில் நல்ல வெயிலில் போட்டு, சூடாக இஸ்திரியும் போட்டேன். எலாஸ்டேன் இழைக்குச் சூடு ஆகாது. ஒன்றரை வருடத்தில் முட்டி புடைத்துக்கொண்டது, பின்பக்கம் தொங்கியது, தொடையில் அலை அலையாகக் கோடு விழுந்தது. பருத்தி தளர்ந்தால் துவைத்ததும் மறுபடி கொஞ்சம் இறுகும். அறுந்த எலாஸ்டேனைத் திரும்ப ஒட்ட வைக்க வழியில்லை.

மூன்றாவது ஜீன்ஸை 2022இல் அண்ணன் சொன்னபடி வாங்கினேன். இந்தத் தடவை டிரையல் ரூமில் 20 நிமிடம் எடுத்துக்கொண்டேன். பட்டனைப் பற்றிக் கவலைப்படாமல், தொடையிலும் சீட்டிலும் துணி எப்படி விழுகிறது என்று பார்த்தேன். முன்பக்கம் கவட்டிலிருந்து தொடையை நோக்கிப் பூனை மீசைபோல மடிப்புகள் இழுத்தால் அங்கே துணி போதவில்லை என்று அர்த்தம். பக்கவாட்டில் தொடைத்துணியை ஒரு அங்குலமாவது கிள்ளிப் பிடிக்க முடிய வேண்டும். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்தேன், குத்தவைத்தேன், வண்டியில் ஏறுவதுபோல ஒரு காலைத் தூக்கினேன். தயங்காமல் இதையெல்லாம் செய்யுங்கள். நாம் ஜீன்ஸ் போட்டு நிற்பதைவிட உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகம்.

பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். பட்டிக்குக் கீழே, பின் பாக்கெட்டுக்கு மேலே, வி வடிவில் ஒரு துண்டு வெட்டிச் சேர்த்திருப்பார்கள். அதற்கு யோக் என்று பெயர். அந்த வி ஆழமாக இருந்தால் துணி இடுப்பை நோக்கி நன்றாக வளைந்து வரும், குனியும்போது பின்னால் வாய் பிளக்காது. கிட்டத்தட்ட நேர்கோடாக இருந்தால், இடுப்பு சிறுத்து சீட் அகன்ற உடம்புக்கு அது பிளக்கத்தான் செய்யும். பட்டியையும் கையில் பிடித்துப் பாருங்கள், லேசாக வளைத்து வெட்டிய பட்டியா, நேர்ப்பட்டியா என்று. வளைத்து வெட்டியது நமக்கு நல்லது.

நம்பரை நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். என்னிடம் இருக்கும் நான்கில் 30, 32, 32, 34 என்று இருக்கிறது. 30 என்று எழுதியதன் பட்டியை டேப் வைத்து அளந்தால் 31½ வந்தது, ஒரு 32இல் 34 வந்தது. நம்பர் சின்னதாகத் தெரிந்தால் வாங்குபவருக்குச் சந்தோஷம் என்று நிறுவனங்களே இப்படிச் செய்வது உலகம் முழுக்க வழக்கம். டேப்பைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவது ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

சரி, தொடைக்குப் பொருந்தியது, இடுப்பில் மூன்று அங்குலம் கூடுதல். அண்ணன் என்ன செய்தார் என்பதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சரியாகச் செய்யாத கடைகள் நிறைய. பட்டியின் இரண்டு ஓரத்திலும் டாட் பிடித்துக் கொடுப்பது, அதாவது துணியை மடித்துப் பிடித்துத் தைத்துவிடுவது, சுலப வழி. அது தடித்துக்கொண்டு இடுப்பைக் குத்தும். அவர் பின்பக்க நடு பெல்ட் லூப்பைப் பிரித்தார், பட்டியை நடுவில் பிரித்தார், யோக்கிலிருந்து சீட் வரை நடுத்தையலைப் பிரித்து, மேலே அகலமாகவும் கீழே போகப் போகக் குறைந்து ஒன்றுமில்லாமலும் ஆப்புபோலத் துணியை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தார். 18ஆம் நம்பர் ஊசி, அசல் நூலின் அதே செம்பு நிறம், அதே இரட்டைத் தையல். நடு லூப்பைத் திரும்ப வைத்ததும் இணைப்பே தெரியவில்லை. இந்த முறையில் இரண்டு அங்குலம்தான் எடுக்க முடியும், அதற்கு மேல் போனால் பின் பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி அசிங்கமாகிவிடும் என்றார். மீதி ஒரு அங்குலத்துக்குப் பட்டியின் உள்ளே, பின்பக்கம் மட்டும், எலாஸ்டிக் ஓட்டிக் கொடுத்தார். மாதவிலக்கு நாட்களில் வயிறு உப்பினாலும், பண்டிகைக்கு நன்றாகச் சாப்பிட்டாலும் அந்த ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கும். கூலி 200 ரூபாய். மூன்று வருடத்துக்குக் கணக்குப் போட்டால் நான் செலவழித்ததிலேயே பலன் தந்த 200 ரூபாய்.

நீளம் குறைக்க அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு தடவை துவைத்துவிட்டு, வழக்கமாகப் போடும் செருப்போடு வரச் சொன்னார். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும், வெட்டிய பிறகு சுருங்கினால் கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொள்ளும். ‘கம்பெனி ஓரம் அப்படியே வேணும்’ என்று கேளுங்கள். அடியில் வெளிறி முறுக்கிக்கொண்ட அந்த ஓரத்தை வெட்டாமல், அதற்கு மேலே மடித்துத் தைத்துத் தருவார்கள்.

அப்புறம் பாக்கெட். இந்த விஷயத்தில் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு. 2018இல் தி புட்டிங் என்ற அமெரிக்க இணைய இதழ் 20 பிராண்டுகளின் ஜீன்ஸை அளந்து பார்த்தது. பெண்கள் ஜீன்ஸின் முன் பாக்கெட் ஆண்களுடையதைவிட சராசரியாக 48 சதவீதம் நீளம் குறைவு, 6.5 சதவீதம் அகலம் குறைவு. ஆண்களுக்குத் தருவதில் பாதி ஆழம்தான் நமக்கு. போன் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மேடு பள்ளத்தில் வண்டி குதித்தால் விழுந்துவிடும். நான் அடிப்பக்கத்தைப் பிரித்து, கெட்டியான பருத்தித் துணியில் நாலு அங்குலம் சேர்க்கச் சொன்னேன். ஒரு பாக்கெட்டுக்கு 40 ரூபாய். இப்போது போன், வண்டிச் சாவி, கைக்குட்டை மூன்றும் உள்ளே போகிறது.

இதையெல்லாம் நாமே செய்துகொள்ள வேண்டியிருப்பதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. செம்பு ரிவெட் அடித்த வேலைக்காரர் பேண்டுக்கு லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் காப்புரிமை பெற்றது 1873இல். லீவை ஸ்ட்ராஸின் நிறுவனம் பெண்களுக்கென்று தனியாக ஜீன்ஸ் வெட்டியது 1934இல்தான், 61 வருடம் கழித்து. ஆண் உடம்புக்காகப் பிறந்த உடுப்பு இது. பொருந்தவில்லை என்றால் குறை வெட்டில் இருக்கிறது. கடைக் கண்ணாடி முன்னால் நின்று கண் கலங்கிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன், நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

துணிக்கு வருகிறேன். மூன்றாவது ஜீன்ஸ் 98 சதவீதம் பருத்தி, 2 சதவீதம் எலாஸ்டேன். என் அனுபவத்தில் இதுதான் நல்ல கணக்கு. நான்காவது முழுப் பருத்தி, 12 அவுன்ஸ். ஒரு சதுர கெஜம் துணி 12 அவுன்ஸ், அதாவது சுமார் 340 கிராம் எடை. முதல் மாதம் விறைப்பாக இருந்தது, பிறகு என் உடம்புக்கு ஏற்றபடி படிந்துவிட்டது. ஆனால் மதுரை வெயிலில் இதைச் சித்திரை, வைகாசியில் போட முடியாது. அந்த இரண்டு மாதம் நான் ஜீன்ஸையே தொடுவதில்லை, பருத்தி பேண்ட்தான். ஐப்பசி மழையில் இதற்கு எதிர்த் தொல்லை: இரண்டு நாள் ஆனாலும் காயாமல் ஒரு வாடை வந்துவிடும். உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, மின்விசிறிக்குக் கீழே, பாக்கெட் துணிகளை வெளியே இழுத்துவிட்டுக் காயப்போட்டால் ஓரளவு தப்பிக்கலாம்.

சாயத்துக்கு உப்புத் தண்ணீர் என்று அம்மா சொன்னதை நானும் செய்து பார்த்தேன். நிற்கவில்லை. இண்டிகோ நூலின் மேற்பரப்பில் அடுக்கடுக்காக ஏறி உட்காரும் சாயம், நூலின் நடு வெள்ளையாகவே இருக்கும். அதனால் உரசினால் உதிரத்தான் செய்யும், உப்போ வினிகரோ அதைப் பிடித்து நிறுத்தாது. மூன்று தடவை தனியாகத் துவையுங்கள், அதுவரை வெள்ளைக் குர்தி வேண்டாம். என் சந்தன நிறக் குர்தியின் ஓரத்தில் இருக்கும் நீலம் இன்றுவரை போகவில்லை.

போட்டுக்கொள்ளும் விதத்தில் நான் கற்றது கொஞ்சம்தான். குர்தியின் ஓரம் தொடையின் அகலமான இடத்தில் வந்து முடியக்கூடாது. அதற்கு மேலே நிற்கட்டும், இல்லாவிட்டால் முட்டியைத் தாண்டட்டும். தொப்புள்வரை ஏறும் பட்டி இருந்தால், சுங்குடித் துணியில் தைத்த சட்டையை உள்ளே செருகிக்கொள்ளலாம், என் உயரத்துக்குக் கால் நீளமாகத் தெரிகிறது. தழும்புக்கும் அது மேலே போய்விடுவதால் எரிச்சல் இல்லை. கரும் நீலத்தில், வெளிறல் இல்லாத நேர்க்கால் ஜீன்ஸ் ஒன்று இருந்தால் ஆபீஸுக்கும் போகலாம், கல்யாண வரவேற்புக்கும் பட்டுக் குர்தியோடு போகலாம்.

மூன்றாவது ஜீன்ஸின் உள்தொடையில் போன தை மாதம் வெள்ளை தெரிய ஆரம்பித்தது. டெனிமில் நெடுக்கு இழை நீலம், குறுக்கு இழை வெள்ளை. நீலம் தேய்ந்து வெள்ளை எட்டிப் பார்த்தால் கிழிய இன்னும் கொஞ்ச நாள்தான். இந்தத் தடவை கிழியும்வரை காத்திருக்கவில்லை. காய்கறிப் பையாகிவிட்ட முதல் ஜீன்ஸிலிருந்து இரண்டு துண்டு வெட்டிக்கொண்டு போனேன். அண்ணன் அவற்றை உள்பக்கம் வைத்து நெருக்கி ஓட்டித் தைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் லேசான கோடுபோலத்தான் தெரிகிறது.

சென்ற வாரம் அக்கா மகளை அவளுடைய முதல் ஜீன்ஸ் வாங்க அழைத்துப் போனேன். 17 வயது, எங்கள் வீட்டு உடல்வாகு அப்படியே. 30ஐ எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் முகம் சுண்டி வெளியே வந்தாள். நான் 34ஐ நீட்டினேன், நம்பரைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். “போட்டு உட்கார்ந்து மட்டும் பார், பட்டனை விடு” என்றேன். கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “சித்தி, குத்தவைக்க முடியுது” என்று குரல் வந்தது. இடுப்பில் இரண்டரை அங்குலம் கூடுதல். ஜீன்ஸ் இப்போது விளக்குத்தூண் கடையில் இருக்கிறது, வியாழக்கிழமை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.