உப்புக்காற்றில் ஜிப்ஸி கிங்: பல வருஷம் ஓட்டிய பிறகு எழுதுகிறேன்

ராலி (மண், மணல், மலைப் பாதைகளில் நடக்கும் கார்ப் பந்தயம்) வண்டி என்றாலே எல்லோரும் முதலில் கேட்பது குதிரைத்திறன். ஜீப் மாதிரியான என் மாருதி ஜிப்ஸி கிங்கில் இருப்பது 80தான். 1298 சிசி, 16 வால்வு, எம்பிஎஃப்ஐ பெட்ரோல் எஞ்சின். இன்றைய சின்னக் குடும்பக் கார்கள் சிலவற்றிலேயே இதைவிட அதிகம் கிடைக்கிறது. ஆனாலும் ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளி தோப்புப் பாதைகளிலும் சாயல்குடி வரைக்குமான கடலோரத்திலும் வருஷக்கணக்கில் இதை ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், ராலிக்கு எது வேண்டுமோ அது இதில் இருக்கிறது. ஒன்று, பாரம் குறைவு. இன்னொன்று, எங்கே நின்றாலும் அங்கேயே கழற்றி மாட்டிவிடலாம்.

முதலில் பாரம். சாஃப்ட் டாப் (துணிக்கூரை) ஜிப்ஸி 985 கிலோ. 1974, 75, 76 என்று தொடர்ந்து மூன்று வருஷம் உலக ராலி பட்டத்தை வாங்கிய லான்சியா ஸ்ட்ராடோஸும் ஏறக்குறைய இதே எடைதான். அதில் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் ஃபெராரி டீனோவின் வி6 எஞ்சின். வேகத்தில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் லேசான வண்டி பிடிமானம் இல்லாத தரையில் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

அரியமான் பக்கம் கடலை ஒட்டிப் போகும் தோப்புப் பாதையில் இதை நன்றாகப் பார்க்கலாம். கச்சான் (மேற்கேயிருந்து அடிக்கும்) காற்று மாதங்களில் பாதை முழுக்கக் குருமணல் ஏறிக் கிடக்கும். பெரிய டீசல் எஸ்யூவிகள் அங்கே ஆக்சில் வரைக்கும் இறங்கி உட்கார்ந்துவிடும். நான் பாதை தொடங்கும் இடத்திலேயே இறங்கி, வால்வு ஊசியை அமுக்கி நாலு டயரிலும் காற்றை 15 பிஎஸ்ஐக்குக் கொண்டுவருவேன். டயரின் பக்கவாட்டு பிதுங்கி, தரையில் படும் இடம் நீளமாவது கண்ணுக்கே தெரியும். அப்புறம் கியர் லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி லீவரை ஃபோர் வீல் லோவில் (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலை) போட்டு, இரண்டாம் கியரில் ஆக்ஸிலேட்டரை விடாமல் ஒரே சீராகப் போகவேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி) விகிதம் ஹையில் 1.409, லோவில் 2.268. அதாவது லோவில் இழுவை ஒன்றரை மடங்குக்கும் மேல்.

இந்த எஞ்சினை மிதித்துத்தான் ஓட்டவேண்டும். முழு டார்க் (சுழற்றும் விசை) கிடைப்பது 4500 ஆர்பிஎம்மில். கீழே வைத்து ஓட்டினால் சப்பென்று இருக்கும், மணலில் மாட்டியும் விடும். ராலியில் ஓட்டுபவர்கள் ஆர்பிஎம்மை இறங்கவிடாமல் வைத்திருப்பது ஏன் என்பது எனக்குப் புரிந்தது இந்த மணலில்தான். மாருதியின் எஸ்டீம் காரிலும் இதே குடும்பத்து எஞ்சின் என்பதால் எஞ்சின் பக்கச் சாமானுக்கு இதுவரை பெரிதாக அலைந்ததில்லை.

நாலு சக்கர ஓட்டம் பற்றி ஒரு விஷயம். 1980ல் வந்த ஆடி குவாட்ரோவில் நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கும், நடுவே முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் ஒரு டிஃபரன்ஷியலும் உண்டு. அந்த ஏற்பாடு ராலி உலகத்தையே புரட்டிப்போட்டது. ஜிப்ஸியில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. மணலில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிக்கொடுப்பதால் பிரச்சினை இல்லை. ஈசிஆர் தார் ரோட்டுக்கு ஏறியதும் மறக்காமல் டூ வீலுக்கு மாற்றவேண்டும். இல்லாவிட்டால் திருப்பத்தில் வண்டி முறுக்கிக்கொண்டு திணறும்.

முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். "மாட்டுவண்டி சஸ்பென்ஷன்" என்று இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. 1972ல் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை ஹன்னு மிக்கோலா ஜெயித்த ஃபோர்டு எஸ்கார்ட்டுக்கும் பின்னால் பட்டைதான். அதற்கு முன்பு வெளிநாட்டு ஓட்டுநர் யாரும் அந்த ராலியை ஜெயித்ததில்லை. இங்கே ராலி ஓட்டுநர் ஹரி சிங் தேசிய ராலிகளில் ஜிப்ஸியை ஓட்டிய ஓட்டத்தை இன்றும் பேசுகிறார்கள். 1999ல் தொடங்கிய இமயமலை ராலியான ரெய்டு டி ஹிமாலயாவிலும் இந்த வண்டிகள்தான் வரிசை கட்டி நின்றன. பட்டை உடைந்தால் அச்சு நேராக நிற்கும் அளவுக்குக் கட்டுப்போட்டு ஊர் சேரலாம். ஆனால் சவாரி சுகம் கிடையாது. கண்மாய்க்கரையில் ஒரு நடை போய்வந்தால் இடுப்பு சொல்லும். பின்சீட்டில் வயதானவர்களை ஏற்றவே மாட்டேன்.

கழற்றி மாட்டும் வசதிக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. தனியாகச் சேஸிஸில் தொங்கும், நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட். கியர்பாக்ஸைத் தொடாமலே அதை மட்டும் இறக்கிவிடலாம். எழுபது வேகத்தில் ஸ்டியரிங் கிடுகிடுவென ஆட ஆரம்பித்தபோது கீழக்கரையில் பட்டறை வைத்திருக்கும் காக்கா (அந்த ஊர் வழக்கில் அண்ணன்) ஒருவரிடம் கொண்டுபோனேன். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் மேலேயும் கீழேயும் கைவைத்து ஒரு உலுக்கு உலுக்கினார். "கிங்பின் பேரிங் போயிருச்சு தம்பி, ஷிம் வச்சுத் தரேன், சாயங்காலம் வாங்க" என்றார். கிங்பின் என்பது முன்சக்கரம் திரும்பும் அச்சு, ஷிம் என்பது இடைவெளியை அடைக்கும் மெல்லிய தகடு. சாயங்காலம் ஆட்டம் நின்றிருந்தது. லேப்டாப் எதையும் மாட்டிப் பார்க்கவில்லை.

இனி துரு. இந்தக் கடற்கரையில் ஜிப்ஸிக்கு உண்மையான எதிரி இதுதான். வாலிநோக்கம் உப்பளப் பக்கம் போய்வந்தால் வண்டிக்கு அடியில் வெள்ளையாகப் பூத்துவிடும். பலருக்குத் தெரியாத ஒன்று, நம் ஊரில் முக்கால்வாசி போர் தண்ணீர் உவர். அதில் வாட்டர் சர்வீஸ் செய்தால் உப்பை உப்பால் கழுவுவதுதான். நான் வீட்டு மழைநீர்த் தொட்டியிலிருந்து மோட்டார் வைத்து அடிப்பகுதியை மட்டும் கழுவுகிறேன். சேஸிஸ் பெட்டிபோல் மூடிய சட்டம் என்பதால் மணலும் உப்பும் உள்ளே போய்த் தங்கும். அதனால் ஓட்டைகள் வழியாகக் குழாயை நுழைத்து உள்ளேயும் அடிக்கவேண்டும். நன்றாகக் காய்ந்ததும் மெழுகு வகைத் துருத்தடுப்பு. மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை, கச்சான் ஓய்ந்ததும் ஒரு தடவை. இந்த வேலையைத் தள்ளிப்போட்டால் ஃப்ளோர் தகடு பொத்துவிடும்.

பெட்ரோல் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர், மணலில் அதுவும் இல்லை. பவர் ஸ்டியரிங் இல்லாததால் பார்க்கிங்கில் தோள் வலிக்கும். பிரேக் சுமார், இடைவெளி விட்டு ஓட்டவேண்டும். மைலேஜ் பார்ப்பவர்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. 2017ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்துவிட்டது. தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் ஃபோர் வீல் இருக்கிறதே என்று கடற்கரை மணலில் இறக்காதீர்கள். வருஷத் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் இடம் அது. மணலுக்குள் இருக்கும் முட்டை சக்கரத்தில் நசுங்கினால் மேலே ஒன்றும் தெரியாது.

2019ல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றபின் பழைய ஜிப்ஸிகளின் விலை ஏறிக்கொண்டே போகிறது. வாங்குவதாக இருந்தால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். ஒரு சின்னச் சுத்தியலோடு வண்டிக்கு அடியில் படுத்து, பின் பட்டையின் ஷேக்கிள் (பட்டையின் முனையைத் தாங்கும் இணைப்பு) சேஸிஸோடு சேரும் இடத்தைத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் எஞ்சினைப் பார்க்கலாம். சொத்தென்று கேட்டாலோ, வெல்டிங் ஒட்டுக்கு மேல் புதுக் கறுப்புப் பெயின்ட் தெரிந்தாலோ, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.