இலங்கை சஃபாரி + ஸ்நார்கெலிங் பேக்கேஜ்: 1,48,500 ரூபாய் போச்சு. பணம் கட்டுவதற்கு முன் இதைப் படிச்சிடுங்க

1,48,500 ரூபாய். இரண்டு பேருக்கு, விமான டிக்கெட் சேர்க்காமல். என்னோடு வந்தது 24 வயது மகன். ஆறு இரவு: மின்னேரியாவில் யானைக் கூட்டம், நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் ஸ்நார்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டி மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது), திருகோணமலைக் கடலில் திமிங்கிலம், கடைசியில் யாலவில் சிறுத்தை. கட்டிய பணத்துக்குக் கிடைத்தது கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து ஹபரணைக்கு ஒரு வண்டியும், அங்கே ஓர் இரவு அறையும். மறுநாள் காலையில் டிரைவர், "எனக்கு ஏர்போர்ட்டிலிருந்து இங்கே விடறதுக்கு மட்டும்தான் பேசியிருக்காங்க" என்று பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, அவரிடம் சொன்னது அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லாமே அங்கேயே மறுபடி கைக்காசு.

ஊர் திரும்பியும் சூடு ஆறாமல்தான் எழுதுகிறேன். இதில் எப்படிச் சிக்காமல் இருப்பது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

விற்றது, "உள்ளூர் நிபுணர்களோடு நேரடியாக இணைக்கிறோம்" என்று சொல்லிக்கொள்கிற ஓர் ஆன்லைன் பயணத் தளம். நட்சத்திர மதிப்பீடு, சிரிக்கிற குடும்பங்களின் படங்கள், வாட்ஸ்அப் எண் எல்லாம் இருக்கும். புகார் போயிருப்பதால் பெயர் போடவில்லை. இதே வேலையை வேறு பெயர்களில் செய்கிற தளங்களும் இருக்கின்றன, அதனால் பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பயன்.

நம்ப வைத்த இடம் எது தெரியுமா? விலை இல்லை. முதல் போன் காலிலேயே அந்தப் பெண் கேட்டது: "மேடம், உங்க பையனுக்குக் கண் பவர் எவ்வளவு? மீசை வச்சிருக்காரா? கால் சைஸ் என்ன?" ஸ்நார்கெலிங் தெரிந்தவர்தான் இப்படிக் கேட்பார். மீசை அடர்த்தியாக இருந்தால் மாஸ்க்கின் சிலிகான் ஓரம் மேலுதட்டில் சரியாக ஒட்டாது, மூக்கடியில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். கிட்டப்பார்வைக்குப் பவர் லென்ஸ் போட்ட மாஸ்க் பெரும்பாலும் அரை எண் இடைவெளியில்தான் கிடைக்கும். தண்ணீருக்குள் பொருள்கள் பெரிதாகவும் பக்கத்திலும் தெரியும் என்பதால் கண்ணாடி எண்ணைவிடக் கொஞ்சம் குறைத்து எடுத்தால் போதும். மகனுக்கு மைனஸ் 3.5. "அப்போ மைனஸ் 3 வச்சிடறேன் மேடம், ஃபின்ஸ் 43 சைஸ்" என்றார். ஃபின்ஸ் என்றால் காலில் மாட்டும் துடுப்பு. இவ்வளவு சரியாகப் பேசுகிறவர் ஏமாற்றுவார் என்று யார் நினைப்பார்கள்? அன்றே 48,500 முன்பணம் போனது. மீதி ஒரு லட்சத்தைப் பத்து நாளில் கேட்டார்கள், "சீசன் டைம், ரூம் போயிடும்" என்று. இரண்டுமே யூபிஐயில். திரையில் வந்தது நிறுவனத்தின் பெயர் இல்லை, ஒரு தனி ஆளின் பெயர். கேட்டதற்கு, "ஜிஎஸ்டி அப்டேட் போயிட்டிருக்கு, இது எங்க பார்ட்னர் அக்கவுண்ட்" என்று பதில்.

நிலாவெளியில் மைனஸ் 3 மாஸ்க்கும் இல்லை, 43 சைஸ் ஃபின்ஸும் இல்லை, அப்படி ஒரு முன்பதிவு வந்ததாகக் கேள்விப்பட்டவர்களும் இல்லை.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன். அவர்கள் அனுப்பிய வவுச்சரில் "புறாத்தீவு, மதியம் 2 மணி ஸ்லாட், கன்ஃபர்ம்டு" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர். நுழைவுச் சீட்டு கரையில் இருக்கும் வனசீவராசிகள் திணைக்கள (அரசின் வனவிலங்குத் துறை) கவுண்டரில் வாங்க வேண்டும். படகுக் கூலி தனி, அது பெரும்பாலும் முழுப் படகுக்கான தொகை, தலைக்கு இத்தனை என்று இல்லை. மாஸ்க், ஸ்நார்கெல், ஃபின்ஸ் வாடகை மூன்றாவது செலவு. எங்கள் வவுச்சரில் மூன்றையும் ஒரே வரியில் போட்டு, படகையும் தலைக்கு இவ்வளவு என்று இரண்டு முறை கணக்குப் போட்டிருந்தார்கள். மதியம் 2 மணி என்பதே இடம் தெரியாதவன் போடும் நேரம். காலையில் கவுண்டர் திறந்தவுடன் போனால்தான் காற்று குறைவு, கலங்கல் குறைவு, கூட்டம் குறைவு. கறுப்பு முனைச் சுறாக்களை ஆழமில்லாத தண்ணீரில் அமைதியாகப் பார்க்கலாம். மதியம் போனால் அலையும், முந்தி வந்தவர்கள் கிளப்பிய மணலும்தான்.

பருவத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வைத்தே பாதிப் போலிகளைப் பிடிக்கலாம். கிழக்குக் கரையான திருகோணமலை, நிலாவெளிக்கு மே முதல் செப்டம்பர் வரை நல்ல கடல். வடகிழக்குப் பருவமழையில் அங்கே கடல் கொந்தளிக்கும். தென்மேற்குக் கரையான ஹிக்கடுவைக்கு நேர் எதிர்: நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஒரே பேக்கேஜில் ஜூலை மாதம் ஹிக்கடுவையில் பவளப்பாறையும் நிலாவெளியில் சுறாவும் காட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். அதே போல "திமிங்கிலத்தோடு நீச்சல்" என்று ஒரு வரி இருந்தாலும். இலங்கைக் கடலில் திணைக்களத்தின் சிறப்பு அனுமதி இல்லாமல் அதைச் செய்ய முடியாது. படகில் இருந்து பார்ப்பது மட்டும்தான் நமக்கு.

மின்னேரியா. ஜூலை முதல் அக்டோபர் வரை குளத்து நீர் வற்ற வற்ற, கரையில் புல் முளைக்கும், சுற்றுக் காடுகளிலிருந்து யானைகள் இறங்கும். இது பாடப்புத்தகக் கணக்கு. சில வருடங்களாக மொரகஹகந்த நீர்த்தேக்கத்திலிருந்து வரும் தண்ணீரால் குளம் வற்ற வேண்டிய காலத்திலும் நிறைந்து நிற்பதுண்டு. அப்போது புல்வெளி முழுகிவிடும், யானைகள் பக்கத்தில் உள்ள கவுடுல்லவுக்கோ ஹுருலு காட்டுக்கோ போய்விடும். அதனால் ஹபரணையில் இருக்கும் ஜீப்காரர்கள் அன்றைக்கு எங்கே யானை என்று விசாரித்துக்கொண்டு மதியம் கிளம்புவார்கள். மாதக்கணக்குக்கு முன்பே "மின்னேரியா மட்டும், காலை 7 மணி, மாற்ற முடியாது" என்று எழுதிக் கொடுக்கிறவருக்கு யானை பார்க்க எந்த நேரம் என்பதே தெரியாது. மூன்று மணிக்கு மேல்தான் கூட்டம் வெளியே வரும். எங்கள் ஜீப்புக்கு ஒரு பைசாகூட யாரும் கட்டியிருக்கவில்லை. நாங்களே பேசிப் போனோம்.

நுழைவுச் சீட்டு விஷயத்தில் இன்னொரு கொள்ளை. இலங்கைத் தேசியப் பூங்காக்களில் சார்க் (தெற்காசிய) நாட்டவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்டால் போடுவார்கள். எங்கள் கணக்கில் முழு வெளிநாட்டவர் கட்டணம், அதற்கு மேல் சேவைக் கட்டணம், வாட், வாகனக் கட்டணம் எல்லாம் வரி வரியாக ஏற்றியிருந்தார்கள். வாங்கவே வாங்காத சீட்டுக்கு!

யாலதான் உச்சம். யால பூங்காவை பிளாக் பிளாக்காகப் பிரித்திருக்கிறார்கள். அதில் 1ஆம் பிளாக்கை வறட்சிக் காலத்தில், பெரும்பாலும் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை மூடுவது வழக்கம். எங்கள் பயணம் செப்டம்பரில். இதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டேன். வந்த பதில்: "தெரியும் மேடம், உங்களுக்கு 5ஆம் பிளாக் பெர்மிட் எடுத்தாச்சு." கூடவே முத்திரை போட்ட ஒரு பிடிஎஃப். ஒரு பிளாக் மூடினாலும் மற்றது திறந்திருப்பதுண்டு, ஆகவே பதில் பொருந்தியது. அந்தப் பிடிஎஃப்பை அங்கே விவரம் தெரிந்தவர்களிடம் காட்டினோம். சீட்டு என்றால் எத்தனை பேர், எந்த வகை, எந்த வாகனம் என்று இருக்கும். இதில் எங்கள் பெயரும் ஒரு சின்னமும்தான். எவனோ கணினியில் உட்கார்ந்து செய்தது. திருகோணமலையிலிருந்து யாலவுக்குப் பக்கத்து ஊரான திஸ்ஸமகாராமவுக்கு ஏழெட்டு மணி நேரப் பாதை. அந்தக் காகிதத்தை நம்பிப் போயிருந்தால் ஒரு முழு நாளும் வண்டிக் கூலியும் சேர்ந்து போயிருக்கும். யாலவை விட்டுவிட்டோம்.

வளர்ந்த மகனோடு, மகளோடு போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். எங்களிடம் இரண்டு பெரியவர்களுக்கான விலை வாங்கினார்கள். ஹபரணை ஓட்டலில் பதிந்திருந்தது "1 அடல்ட், 1 சைல்ட், டபுள் பெட்". பாஸ்போர்ட் நகல் அவர்கள் கையில், அதில் பிறந்த வருடம் இருக்கிறது, 24 வயது ஆளைக் குழந்தைக் கட்டணத்தில் பதிந்து வித்தியாசத்தைப் பையில் போட்டுக்கொண்டார்கள். ரிசப்ஷனில் ஆறடிப் பையனைப் பார்த்ததும் மீதித் தொகை கேட்டார்கள், கேட்கத்தானே செய்வார்கள். அம்மாவும் மகனும் ஒரே டபுள் பெட்டில் எப்படி? ட்வின் பெட் (தனித்தனிக் கட்டில்) வேண்டும் என்று நான் எழுதியே கொடுத்திருந்தேன். பூங்காக்களிலும் 12 வயதுக்கு மேல் பெரியவர் கட்டணம்தான், எந்தப் "ஃபேமிலி ஆஃபர்"உம் அதை மாற்றாது. வளர்ந்த பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் படகு, டைவிங் கடைகளில் 'ஆபத்துக்கு நானே பொறுப்பு' என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவும் முடியாது, அவர்தான் படித்துப் போட வேண்டும். இன்ஷூரன்ஸும் அவர் பெயரில் தனியாக, ஸ்நார்கெலிங் அடங்குகிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். எங்களுக்கு "குரூப் இன்ஷூரன்ஸ் இன்க்ளூடட்" என்றார்கள். பாலிசி எண் இன்றுவரை வரவில்லை.

திரும்பியதும் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில், "லோக்கல் பார்ட்னர் தப்பு மேடம், நாங்க வெறும் பிளாட்ஃபார்ம்." பார்ட்னர் எண்ணைக் கேட்டால், "பாலிசிப்படி ஷேர் பண்ண முடியாது." பிறகு, "டிக்கெட் ரைஸ் பண்ணியாச்சு, ஏழு வேலை நாள்." அந்த ஏழு நாள் முடிந்ததும் வேறொருவர் வந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதி அனுப்பச் சொன்னார். அதன் பிறகு, "பூங்காச் சீட்டு நான்-ரீஃபண்டபிள்." சரி, அந்தச் சீட்டின் எண்ணைக் காட்டுங்கள் என்றேன். பதில் இல்லை. 1,48,500 ரூபாய்க்கு ஈடாக அடுத்த பயணத்தில் 10,000 ரூபாய் கூப்பன் தருகிறார்களாம். கண் பவர் கேட்ட அந்தப் பெண்ணின் எண் இப்போது அணைந்திருக்கிறது.

வரிக் கணக்கில்தான் இவர்கள் முழுசாக மாட்டுவார்கள். இந்தியாவில் வெளிநாட்டுப் பயணத் தொகுப்பை விற்கிறவர் டிசிஎஸ் (விற்கும்போதே வாங்குபவரிடம் பிடிக்கும் வரி) பிடித்து, உங்கள் பான் எண்ணில் கட்டியாக வேண்டும். அது உங்கள் வருமான வரிக் கணக்கில் தெரியும், வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். எங்கள் கணக்கில் "டிசிஎஸ் உட்பட" என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். பான் எண்ணைக் கேட்கவே இல்லை. பான் இல்லாமல் எந்தக் கணக்கில் கட்டுவார்கள்? தந்ததும் ஜிஎஸ்டி எண் போட்ட இன்வாய்ஸ் இல்லை, வெறும் "கொட்டேஷன்".

தப்பிக்கும் வழியைப் படிப்படியாக எழுத நினைத்தேன். மனம் இருக்கிற நிலையில் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தனி ஆள் கணக்குக்கு யூபிஐயில் ஒரு ரூபாய் போடாதீர்கள். நிறுவனத்தின் பெயரில், முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், சேவை வராவிட்டால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது) கேட்க வழி இருக்கும். ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டு யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். வவுச்சர் வந்த அன்றே ஓட்டலின் சொந்த எண்ணுக்குக் கூப்பிட்டு மூன்று கேள்வி: பெயர் இருக்கிறதா, எத்தனை பெரியவர், பணம் கட்டியாச்சா. ஜீப், புறாத்தீவுப் படகு, மாஸ்க் வாடகை இவற்றை முன்கூட்டி இங்கிருந்து வாங்கவே வேண்டாம், அங்கே போய் எடுங்கள். பவர் மாஸ்க் வேண்டுமென்றால் இங்கேயே வாங்கி, பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுத்துப் பாருங்கள், விழாமல் ஒட்டி நிற்க வேண்டும்.

பணம் போய்விட்டதா? உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன், மணிக்கணக்கில் தள்ளினால் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எங்கள் 1,48,500க்கு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். வாட்ஸ்அப் உரையாடலை இப்போதே எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். எங்களுக்கு அனுப்பிய யால "பெர்மிட்"டை அவர்கள் டெலீட் செய்துவிட்டார்கள், முன்பே இறக்கி வைத்திருந்ததால்தான் கையில் இருக்கிறது.