நானோ விஎன்ஏவுக்கு வீட்டில் செய்யும் பெட்டி: காப்பர் போர்டா, 3டி பிரின்டா, அலுமினியமா?

நானோ விஎன்ஏ (ஆன்டெனா, கேபிள்களை அளப்பது), டைனி எஸ்ஏ (ரேடியோ சிக்னல்களை அலைவரிசை வாரியாகக் காட்டுவது) மாதிரி கையடக்கக் கருவிகளில் அதிகம் அடிபடுவது போர்டு ஓரத்தில் சால்டர் செய்திருக்கும் எஸ்எம்ஏ சாக்கெட்தான் (கேபிளைத் திருகி மாட்டும் சிறிய இணைப்பான்). கேபிளைத் திருகும் ஒவ்வொரு முறையும், கனமான கோஆக்ஸ் (ரேடியோ சிக்னல் கேபிள்) தொங்கும்போதும், அந்த விசை சில சிறிய சால்டர் புள்ளிகளில் இறங்குகிறது. பெட்டி செய்கிறவர் இதற்கு வழி செய்யாவிட்டால், கீறல் விழாத திரை மட்டும்தான் மிஞ்சும்.

மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா பையில் எடுத்துப் போக மட்டும் போதும். வார்ப்பு அலுமினியப் பெட்டி எல்லாவற்றையும் விட உறுதி. ஆனால் திரைக்குச் சதுரத் துளை போட வரிசையாகத் துளையிட்டு அரத்தால் ராவ வேண்டும், எடையும் கூடும், சாதாரண சால்டர் அலுமினியத்தில் ஒட்டாது. திரையில்லாத டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் சுமை), அட்டெனுவேட்டருக்கு (சிக்னலைக் குறைப்பது) அதுவே முதல் தேர்வு.

3டி பிரின்டில் அளவு கச்சிதமாக வரும், திரை ஓரமும் பொத்தான்களும் அழகாக அமையும். பிரின்டுக்கான பிளாஸ்டிக்குகளில் பிஎல்ஏ சுமார் 60 டிகிரியிலேயே இளகும் என்பதால் வெயிலில் நிற்கும் காருக்குள் வளைந்துவிடும். பிஇடிஜி சுமார் 80 வரை தாங்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: கேபிளின் விசையைத் தாங்கப் பெட்டிச் சுவரில் நட் போட்டுப் பொருத்தி, சிறு கேபிளால் கருவியோடு இணைக்கும் தனி எஸ்எம்ஏ சாக்கெட்டில். இறுக்கிய நட்டின் அழுத்தத்தில் பிளாஸ்டிக் சுவர் மெல்ல மெல்ல அமுங்கிக்கொடுக்கும். நட் தளரும், சாக்கெட் கேபிளோடு சேர்ந்து சுழலும், உள்ளே இருக்கும் சிறு கேபிள் முறுக்கிக்கொள்ளும். சுவரை 3 மி.மீ. வைத்து, துளையை ‘டி’ வடிவில் அமைத்து, இருபுறமும் அகலமான வாஷர் போட்டால் ஓரளவு தாங்கும்.

என் ஓட்டு இருபக்கக் காப்பர் கிளாட் போர்டுக்கு (இருபுறமும் செப்புத் தகடு ஒட்டிய சர்க்யூட் போர்டு). 1.6 மி.மீ. கிளாஸ் எபாக்சி போர்டை இருபுறமும் கத்தியால் ஆழமாகக் கீறி ஒடியுங்கள்; அறுப்பதானால் ஈரப்படுத்தி, முகக்கவசத்தோடு. 60 வாட்டுக்குக் குறையாத அயர்ன், அகலமான பிட் தேவை. முதலிலேயே மூலை முழுக்க சால்டரை ஓட்டினால், ஆறும்போது அது சுருங்கிச் சுவரை உள்ளே இழுத்துவிடும். செங்கோணக் கட்டையில் அணைத்து வைத்து, 10 மி.மீ.க்கு ஒரு புள்ளி வைத்துச் சரிபார்த்த பிறகே முழுதாக ஓட்டுங்கள். மூடிக்கு மூலைகளில் எம்3 பித்தளை நட்டுகளைச் சால்டர் செய்யலாம். ஸ்டெயின்லெஸ் நட்டில் சாதாரண ஃப்ளக்ஸ் வேலை செய்யாது.

இதன் பெரிய லாபம் சாக்கெட்டில்தான். 6.5 மி.மீ. துளையில் பேனல் எஸ்எம்ஏவை நட் போட்டு இறுக்கி, அதன் பித்தளை உடலையும் காப்பரோடு சால்டர் செய்துவிட்டால் பிறகு அது அசையவே அசையாது. அங்கிருந்து கருவிக்கு ஆர்ஜி 316 (மெல்லிய கோஆக்ஸ் வகை) சிறு கேபிள். வளைவு ஆரம் 15 மி.மீ.க்குக் குறையாதபடி இடம் விடுங்கள். எஸ்எம்ஏ பொதுவாகச் சுமார் 500 முறை மாட்டிக் கழற்றத்தான் மதிப்பிடப்பட்டது. தேய்ந்தால் மாற்றப்போவது சிறு கேபிளை, கருவியின் போர்டை அல்ல.

ஒன்றை மறக்கக் கூடாது: ஓப்பன், ஷார்ட், லோடு என்ற மூன்று முனைகளை மாட்டி நானோ விஎன்ஏவைச் சரிசெய்யும் கேலிப்ரேஷனை இனிமேல் பெட்டியின் சாக்கெட்டில் செய்ய வேண்டும். 10 செ.மீ. ஆர்ஜி 316 போக மட்டும் ஏறத்தாழ அரை நானோ நொடி தாமதம் தரும்; பழைய கேலிப்ரேஷனை அப்படியே வைத்தால் ஸ்மித் சார்ட் (அளவீட்டைக் காட்டும் வட்ட வரைபடம்) சுழன்று நிற்கும்.

காப்பர் பெட்டியின் குறை, உள்ளே எங்கு தொட்டாலும் ஷார்ட். உட்சுவரில் கேப்டன் டேப் (வெப்பம் தாங்கும் மின்காப்பு டேப்) ஒட்டுங்கள். லித்தியம் பேட்டரி உப்பினால் அழுந்தாமலிருக்க 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். சால்டர் வேலை முழுதும் முடிந்த பிறகே கருவியை உள்ளே வையுங்கள். 1 கிகாஹெர்ட்ஸ் வரை, மூடிக்கும் சுவருக்கும் இடையே தொடர்பில்லாத இடைவெளி எதுவும் 15 மி.மீ. நீளத்தைத் தாண்டாமல் இருந்தால், ரேடியோ அலைகளைத் தடுக்கும் கவசமாகப் பெட்டி போதுமானது. அதற்கு மேலான அலைவரிசையில் அளக்கிறவர்கள் ஸ்க்ரூக்களை இன்னும் நெருக்கமாக வைக்க வேண்டும்.